வலது கட்டைச் செருப்பு

டக். ஸ்ர்ர்ர். டக். ஸ்ர்ர்ர்.

சேதுபதி பேப்பரைத் தாழ்த்தினான். காஜா பேராங் வட்டாரத்தில் அந்திமழை தகரக் கூரையைத் தட்டி ஓய்ந்திருந்தது. ஈர மண்ணும் சாக்கடையும் பக்கத்து வீட்டில் வறுத்த பெலாச்சான் இறால் விழுதும் கலந்து வீசிய அந்த வாடைக்குள், குளியலறையிலிருந்து அந்தச் சத்தம் நிதானமாக வந்துகொண்டிருந்தது. ஒரு கால் நடந்தது. இன்னொன்று இழுபட்டது.

அம்மா அப்படித்தான் நடந்தாள். பிறகு அக்கா. பிறகு இருவருமே நடக்கவில்லை. இடுப்புக்குக் கீழே மரக்கட்டை. அந்த வீட்டுப் பெண்களுக்கு மட்டும் பிடித்த சாபம் என்றார்கள். ஆணாகப் பிறந்தது ஒன்றுதான் தான் செய்த சாமர்த்தியம் என்று சேதுபதி சொல்லிச் சிரிப்பான். இன்னொன்றும் செய்தான். அத்தை மகளை வேண்டாமென்று, துளி சொந்தமில்லாத தைப்பிங் ஊர்க் குடும்பத்தில் ருக்மணியைக் கட்டினான். ஒன்பது வருடம் கழித்து ஜெயா பிறந்தாள்.

சுவரைப் பிடித்தபடி ருக்மணி வந்தாள்.

"என்ன ருக்கு, மெர்டேக்கான்னு சுதந்திரக் கொடி ஏத்தி அஞ்சு மாசமாச்சு, இன்னும் அணிவகுப்பு முடியலையா?"

"செருப்பு வழுக்குதுங்க."

"எப்பலேருந்து?"

"தீபாவளிக்கு முன்னாலேருந்து. சிரிச்சுக்கிட்டே கேக்காதீங்க."

அவள் கழற்றிய கட்டைச் செருப்பைத் திருப்பிப் பார்த்தான். இடது சரி. வலதின் முனை மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தது. அதே சரிவோடு தேய்ந்த அம்மாவின் செருப்பைத்தான் அவள் செத்த அன்று அடுப்பில் போட்டு எரித்திருந்தான்.

மறுநாள் பண்டார் ஹிலிர் ஆஸ்பத்திரி டாக்டர், சேதுபதி சொன்ன அம்மா, அக்கா கதையைக் கேட்டுக்கொண்டே ருக்மணியின் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளி அவரையே உதைக்கப் போனது.

"இது பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா வருது. ஏன்னு தெரியல. ஏதோ கிருமியா இருக்கலாம், வருஷக்கணக்கா உடம்புல சும்மா படுத்திருக்கும். இவங்க உங்க சொந்தமா?"

"இல்லீங்க டாக்டர்."

"அப்ப உங்கம்மாவுக்கும் இவங்களுக்கும் நடுவுல யாரு?"

சேதுபதியிடம் ஒரு வேடிக்கைப் பதில் இருந்தது. குனிந்து தன் கால்களைப் பார்த்தான்.

டாக்டர் அவனைப் பார்க்கவில்லை. ருக்மணியின் முந்தானைக்குள் முட்டிக்கொண்டிருந்த ஜெயாவைப் பார்த்தார்.

"பால எப்ப நிறுத்தப் போறீங்க?"

வீட்டுக்கு வந்தார்கள். ருக்மணி கால் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அவனும் கழுவினான்.

சிவப்புச் சிமெண்டுத் தரை. ஈரத் தடம்.

ஒரு பாதம். ஒரு கோடு. ஒரு பாதம். ஒரு கோடு.

அருகில் அவன் தடம். இரண்டு பாதமும் முழுசு. ஒரு குறையில்லை.

ருக்மணியின் பின்னாலேயே ஜெயாவும் போயிருந்தாள். நடக்கத் தொடங்கிப் பத்தே நாள்.

ஒரு சின்னப் பாதம்.

ஒரு சின்னக் கோடு.