லாசரின் இடது கை

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய நான்காம் நாள் காலை, பல் விளக்கிக்கொண்டிருந்த லாசர் துப்பியதெல்லாம் ரத்தமாக இருந்தது.

"ஈறு கிழிஞ்சிருக்கும், விடு" என்றான் மனைவியிடம்.

ஜெனோவா விடவில்லை. அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். முதுகெல்லாம் நாவற்பழம் நசுங்கிய நிறத்தில் திட்டுத்திட்டாகக் கன்றியிருந்தது.

"எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"நாலு நாளு வீட்ல இருந்தது ஒனக்குப் பொறுக்கலையாக்கும்!"

தூத்துக்குடியில் இப்போது மாத்திரை விழுங்குகிறவர்கள் யாரும் இல்லை. சர்க்கரையோ, ரத்த அழுத்தமோ, மேற்கையில் தோலுக்கடியில் அரிசியளவு 'கரைவில்லை' ஒன்றைச் செலுத்திவிடுவார்கள். உடம்பின் ஈரம் அதன் நீண்ட இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். அறுந்த இடத்தில் மருந்து கசியும். ஓராண்டில் மருந்தும் தீரும், வில்லையும் சுவடில்லாமல் கரைந்துபோகும். லாசரின் இதயத்தில் இருந்தது செயற்கை வால்வு. அதில் ரத்தம் கட்டிவிடாமல் தடுக்கும் மருந்து அவனுடைய வில்லையில். முதலாவதைப் பதின்மூன்று மாதங்களுக்கு முன்பு வைத்தார்கள். அது தீர்ந்திருக்கும் என்று அடுத்ததைப் போன மாதம்.

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் ஃபரீதாவின் முகம் மாறியது. "இருக்கவேண்டியதைவிட மூணு மடங்கு மருந்து ஓடுது. என்ன வேலை பாக்குறீங்க?"

"ஐஸ் கம்பெனில கட்டி தூக்குறேன்."

"எப்படித் தூக்குவீங்க? செஞ்சு காட்டுங்க."

லாசர் வலது கையைக் கொக்கி பிடிப்பதுபோல் வளைத்து, இடது கையால் இல்லாத ஐஸ்கட்டியை அணைத்துக் காட்டினான்.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகம் வேலை செய்யாத கையில் வில்லையை வைக்கவேண்டும் என்பது விதி. கொக்கி பிடிப்பது வலது கை என்பதால் லாசரும் இடது கையைத்தான் நீட்டியிருந்தான். நாளெல்லாம் பனியில் கிடந்த கை அதுதான்.

"உடம்புச் சூட்டை வச்சுதான் வில்லைக்குக் கணக்குப் போட்டாங்க. குளிர்ல அது மெதுவாத்தான் கரையும். பழைய வில்லையில பாதி உள்ளயே தங்கிருச்சு, அதுக்குப் பக்கத்துல புதுசு. இப்ப வேலை இல்ல, கை சூடாயிருச்சு. ரெண்டும் சேர்ந்து கரையுது."

"வெட்டி எடுத்துருங்க டாக்டரம்மா" என்றாள் ஜெனோவா.

"ரத்தம் உறையாத ஆளை எப்படிம்மா வெட்டுறது? வெட்டினாலும், பழைய வில்லை மாவாட்டம் சதைக்குள்ள பரவிக் கெடக்கும். ஸ்கேன்லயும் தெரியாது. சுவடே இருக்கக்கூடாதுன்னுதானே அதைச் செஞ்சாங்க."

"மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சிட்டா?"

டாக்டர் ரத்தத்தை உறையவைக்கும் முறிமருந்தை ஏற்றினார். "இது சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள அந்தக் கையைக் குளிர வைக்கணும்."

ஜெனோவா ஐஸ் கம்பெனி மேஸ்திரி ஞானராஜைப் போனில் கூப்பிட்டாள். தடைக்காலத்தில் கம்பெனி பூட்டித்தான் கிடக்கும். ஆனால் பின்னணியில் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"நீயுமா தாயி? இது ஆறாவது போன். ஒருத்தன் சுகர் எறங்கி விழுந்துட்டான், இன்னொருத்தன் பிரஷர் எறங்கிக் கெடக்கான். மிஷினைப் போட்டுட்டேன், கூட்டிட்டு வா."

கடலில் ஒரு படகுகூட இல்லை. கம்பெனிக்குள் ஐந்து பேர் ஐஸ்கட்டிகளில் இடது கையைச் சாய்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வா மாப்ள, ஓவர்டைம் கெடையாது பாத்துக்க" என்றான் ஒருவன்.

கையைக் கட்டியில் சாய்த்துக்கொண்டு, கூடவே வந்திருந்த டாக்டரிடம் லாசர் கேட்டான்: "இப்படியே வச்சிருந்தாப் போதுமா?"

"மருந்து சுத்தமா நின்னா வால்வுல ரத்தம் கட்டிரும்" என்று சொல்லி, டாக்டர் ஒரு சீட்டு எழுதி நீட்டினார். ஜெனோவா வாசித்தாள்: 'காலை ஒரு முறை, இரவு ஒரு முறை. சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் கையை வெளியே எடுக்கவும். மறக்கக் கூடாது.'

"எத்தனை நாளைக்கு?"

"இந்தக் குளிர்ல கரையணும்னா, ரெண்டு வருஷம்."

மாத்திரையை ஒரு வேளை மறந்தால் மறுவேளை போட்டுக்கொள்ளலாம். இதை மறந்தால்? ஜெனோவா திரும்பினாள். களைப்பில் லாசர் கண்ணயர்ந்திருந்தான். அவன் கை கட்டியைவிட்டு நழுவி, மடியின் வெதுவெதுப்பில் கிடந்தது.