அன்னக்கொடியின் காது

செல் வளர்க்கும் தட்டு நிறைந்திருந்தது. நிறைந்திருக்கவே கூடாது.

முதுமை உயிரியல் எம்.எஸ்ஸி.யில் அஸ்வினி படித்த முதல் பாடமே அதுதான். மனுசத்தோலின் செல் ஓரளவுக்குத்தான் பெருகும், அப்புறம் ஓய்ந்துவிடும். வயசானவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அன்னக்கொடிக் கிழவியின் செல்கள் போன வாரமே ஓய்ந்துபோயின. இப்போது மைக்ராஸ்கோப்பில் பச்சைப்பிள்ளைத் தோல் மாதிரி தளதளவென்று நிற்கின்றன. என்ன கண்றாவி இது?

அழகர் ஆற்றில் இறங்கிய நாள். அவளது கே.கே. நகர் வீட்டில் எல்லோரும் வைகைக்குப் போயிருந்தார்கள். ஆனால் இந்தச் செல் சனியன்களுக்கு லீவு ஏது? தீனி மாற்றாவிட்டால் செத்துப்போகும், ப்ராஜெக்டும் போச்சு. ஆளில்லாத லேபில் இன்குபேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை, மஞ்சள் பற்றுப் போட்டும் ஆறாமல் சீழ் வைத்த புண்ணின் வாடை, மெதுவாக மேலே ஏறி வந்தது.

அந்த வாடை எங்கேயிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரியாதது போல நின்றாள்.

இரண்டு மாதத்துக்கு முன் பேரையூர் பக்கம் நடந்த மெடிக்கல் கேம்ப். ஆராய்ச்சிக்குக் கையில்தான் தோல் எடுக்க வேண்டும் என்பது விதி. இவள் கண் போனதோ அன்னக்கொடியின் காதுமேல். கனத்த தண்டட்டி நகை இழுத்து இழுத்துத் தோள் வரை தொங்கிய காது. அந்தத் தோலை வைத்து ஆராய்ச்சி செய்தால் யாரும் செய்யாத ஆராய்ச்சி!

"காதுல மட்டும் வேணாம் தாயி. அறுந்த காதோட நான் சாகக் கூடாது."

"பெரியாத்தா, நான் நம்ம புள்ள. ஒங்கள அப்பிடி விட்ருவனா?"

அவளுக்கும் இவளுக்கும் ஒரு சொந்தமும் கிடையாது. 'நம்ம புள்ள' என்றதும் கிழவி தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். டாக்டர் சாப்பிடப் போன நேரம், அஸ்வினியே வெட்டி எடுத்தாள். கிழவிக்குச் சக்கரை வியாதி. புண் புரையோடி, காது அறுந்து விழுந்து, ஆளும் போய்விட்டாள்.

கேம்ப் வேன் டிரைவர் காசிமாயன்தான் சொன்னார். "உசுரு போற வரைக்கும் ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே கெடந்துச்சாம்மா. அவளக் கூட்டியாங்க, அவளக் கூட்டியாங்கன்னு."

பாவம் என்று சொல்லிவிட்டு இவள் தட்டுக்குத் தீனி வைக்கப் போனாள்.

இப்போது மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். செல்கள் நகர்ந்துகொண்டிருந்தன. எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி வளையமாகச் சேர்ந்தன. நடுவில் ஓட்டை.

இடது காது கனத்தது.

தடவினாள். மடல் விரலுக்கு அடங்காமல் நீண்டு போனது. நீண்டுகொண்டே போனது. ஐயோ!

பிளீச் பாட்டிலைத் திறந்து தட்டில் கவிழ்த்தாள். அலறியது இவள்தான். காது தீயாய் எரிந்தது. தட்டில் ஒரு செல்கூடச் சாகவில்லை. இன்னும் மினுமினுத்தன. இன்னும் இளசாக.

பாட்டிலைப் பிடித்த கையைப் பார்த்தாள். புறங்கையெல்லாம் நரம்பு. சுருக்கம். கண்ணாடிக் கதவில் வெள்ளை முடி.

"மன்னிச்சுரு பெரியாத்தா..."

குரல் காற்றாய்ப் போனது. வாயில் பல் ஒவ்வொன்றாகக் கழன்றது.

கதவு திறந்தது. கூடப் படிக்கும் ஷெரின். அவளுக்கும் தீனி மாற்ற வேண்டிய தட்டு இருந்தது.

"யாரு பாட்டி நீங்க? இங்கெல்லாம் வரக் கூடாது." ஷெரின் சுற்றிலும் பார்த்தாள். "அஸ்வினி எங்க?"

நான்தான்டி, நான்தான். நாக்கு புரளவில்லை.

ஷெரின் போனை எடுத்து அழைத்தாள். கிழவி போட்டிருந்த வெள்ளைக் கோட்டுப் பைக்குள் மணி அடித்தது.

ஷெரின் பின்னால் நகர்ந்தாள். "இது அவ கோட்டாச்சே... அவள என்ன செஞ்சீங்க?" அடுத்த நொடி வெளியே ஓடிக் கதவைப் பூட்டினாள். "வாட்ச்மேன் அண்ணே! ஓடியாங்க!"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு காதும் தோளைத் தாண்டித் தொங்கின. அவற்றில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. ஆனாலும் ஏதோ ஒரு கை பிடித்து, நிதானமாக, அவசரமே இல்லாமல் கீழே இழுத்தது. தோல் நூல் நூலாகப் பிரிந்தது.