கோர்வைப் பலகை

சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகை, நதியா பின்கட்டில் டிபன் டப்பாவைக் கழுவிவிட்டு வந்து பார்க்கும்போது, தறியின் வலது பக்கத்தில், நெய்கிறவர் காலை விட்டு உட்காரும் குழிமேல் ஒழுங்காகப் பொருந்திக் கிடந்தது.

விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். நழுவி விழுந்தது தெரியாமல் போக அது ஒன்றும் துடைப்பம் இல்லை. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், அத்தனை நீளம். காலையில் அதைத் தூக்கி நிறுத்துவதற்குள் தறிக்குச் சொந்தக்காரர் தேவேந்திரனுக்கே மூச்சு வாங்கியது. வாசல் கதவோ அவள் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. நாமே எடுத்துப் போட்டுவிட்டு மறந்திருப்போம் என்று நதியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, பலகைக்குப் பக்கத்தில் போகவில்லை.

அன்றைக்கு அமாவாசை. பிள்ளையார்பாளையத்தில் அமாவாசையன்று யாரும் தறியில் இறங்க மாட்டார்கள். மற்ற நாளில் அந்தச் சந்தில் நின்று போன் பேச முடியாது, வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் காதை அடைக்கும். அன்றைக்கு ஓட்டிலிருந்து சொட்டும் தூறலும், எங்கேயோ ஒரு குக்கர் விசிலும், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லாமையும்தான் கேட்டன. பகல்தான், ஆனால் மழை மூட்டத்தில் கூடத்து விளக்கைப் போடவேண்டியிருந்தது. தறிக்குழியிலிருந்து ஈர மண்ணும் கஞ்சியும் பட்டும் கலந்த வாடை வந்துகொண்டே இருந்தது.

தேவேந்திரனும் அவர் மனைவி புவனேஸ்வரியும் சர்வதீர்த்தக் குளத்துக்குத் திதி கொடுக்கப் போயிருந்தார்கள். போகும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் பலகைய நிறுத்தினது நிறுத்தினபடியே இருக்கட்டும்மா. அமாவாசைல அதக் குழிமேல போட மாட்டோம்."

"ஏண்ணா?"

"எங்க வீட்டுல போட மாட்டோம்" என்றார். புவனேஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்து, குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நதியா நெசவுக்காரி இல்லை. அவள் வேலை கெர்னலில். கம்ப்யூட்டர் எதுவானாலும் உள்ளே முதலில் விழித்துக்கொண்டு மற்றதையெல்லாம் எழுப்பிவிடுகிற மென்பொருள் அது. தேவேந்திரன் வீட்டுத் தறியில் மோட்டார் உண்டு. நடு உடலுக்குக் குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற நாடாவை மோட்டாரே எறியும், நூலை இறுக்குகிற பண்ணையையும் மோட்டாரே அடிக்கும். ஆனால் கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கரை நாடாவை எறிய வலது பக்கத்துப் பலகையில் தனியாக ஓர் ஆள் உட்கார்ந்தே ஆகவேண்டும். இத்தனைக்கும் மூளையாக இருந்த போர்டு போன மாதத்து இடியில் கருகிவிட்டது. அந்த மாடல் இப்போது கிடைப்பதில்லை. வேறு போர்டில் பழைய கெர்னலை ஓட்டிக் காட்டுகிறேன் என்று நதியா ஆபீஸில் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். தனியாக அவளிடம் கொடுத்த முதல் வேலை. சாயங்காலம் அவள் கணவன் சிட்டிபாபு ஆட்டோவோடு வருவதற்குள் முடித்துவிட்டு அவனோடு வீட்டுக்குப் போய்விடவேண்டும், அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கெர்னலில் முக்கால்வாசி எந்த போர்டுக்கும் பொது. மிச்சம் அந்தந்த போர்டைப் பொறுத்தது. பழைய போர்டுக்கென்று எழுதின பகுதியைக் கழற்றியதும், இன்னின்ன பேரைக் கூப்பிடுகிறாய், அந்தப் பேருக்கு ஆளே இல்லை என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. அந்தப் பேர்களில் பெரும்பாலானதை அவள் புது போர்டுக்கு ஏற்ற மாதிரி எழுதிவிட்டாள். இரண்டு மட்டும் நின்றுவிட்டன. ஒன்று, பலகைக்கு அடியில் இருக்கும் சென்சாரைப் பார்த்து 'ஆள் இருக்குதா' என்று கேட்பது. ஆள் இல்லையென்றால் தறி ஓடாது. இன்னொன்று, 'ஆளை விடு'. பலகையில் ஆள் உட்கார்ந்தால், பண்ணைக்குள் குனிந்து அடிபடாமல் இருக்க, திருவிழா ராட்டினத்தில் இருப்பதுபோல ஒரு குறுக்குக் கம்பி மடிமேல் இறங்கும். தறி நின்றதும் அதைத் தூக்கி ஆளை விடுவது இந்த இரண்டாவது. புது போர்டில் இந்த இரண்டுக்குமான வயரைச் செருக இடமே இல்லை.

சென்னையில் இருக்கும் சீனியர் கமலுக்குப் போன் போட்டாள்.

"இல்லாதத இல்லன்னு சொல்ல வை" என்றான் கமல். "யாராச்சும் கூப்ட்டா அங்கயே நின்னு கத்தட்டும். சும்மா ஒப்புக்கு 'ஆச்சு'ன்னு மட்டும் திருப்பிக் குடுக்க வைக்காத. பின்னாடி எங்க இடிக்கும்னே தெரியாது."

"சரி கமல்" என்றாள். போனை வைத்துவிட்டு, அவன் வேண்டாம் என்றதைத்தான் செய்தாள். கத்தினால் கெர்னல் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறதே, என்ன பண்ணுவது. இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானே என்று இரண்டையும் வெற்றாக வைத்தாள். 'ஆள் இருக்குதா' என்றால், எதையும் பார்க்காமல், இருக்குது. 'ஆளை விடு' என்றால், எதையும் செய்யாமல், விட்டாச்சு. எல்லாம் ஒட்டிக்கொண்டது. கெர்னல் எழுந்தது. தேவேந்திரன் படிப்பதற்காகத் தமிழில் வைத்திருந்த வரிகள் லேப்டாப் திரையில் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின.

ஆள் இருக்குதா? இருக்குது.
ஆள் இருக்குதா? இருக்குது.

அப்பாடா என்று எழுந்து டிபன் டப்பாவைக் கழுவப் போனாள். திரும்பி வந்தபோதுதான் பலகை அப்படிக் கிடந்தது.

ஜன்னல் கட்டையில் சார்ஜில் இருந்த போன் அடித்தது. சிட்டிபாபு.

"இன்னா நதியா, சாப்ட்டியா? கூட ஆள் இருக்குதா, தனியாவா கீற?"

தனியாக என்று சொன்னால் சவாரியை விட்டுவிட்டு ஓடி வருவான். "இருக்குதுப்பா. வீட்டம்மா இங்கதான் இருக்காங்க."

"சரி சரி. பக்கத்துல மூச்சு வாங்கற சத்தம் கேக்குது, அதான் கேட்டன். வேலய முடி, வந்துடறன்."

நதியா போனைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பாவு நூல், மோட்டார், சுவரில் காலண்டர், பீரோ. மழை, வேறென்ன, மழைச்சத்தம்தான் அவனுக்கு அப்படிக் கேட்டிருக்கும். போனை மறுபடி ஜன்னலிலேயே வைத்தாள்.

தறியை ஓட்டிப் பார்த்தாள். நடு நாடா மட்டும் ஓடட்டும், நாலு அடி அடித்தால் போதும், வீடியோ எடுத்து ஆபீஸுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பலாம். பண்ணை அடித்தது. நாடா போய் வந்தது. நன்றாகத்தான் ஓடியது, அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

அரக்கு உடலுக்கு வலது பக்கத்தில் பச்சைக் கரை ஒரு விரற்கடை நெய்திருந்தது.

அவள் கரை நாடாவைத் தொடவே இல்லை. அதற்கு மோட்டாரும் இல்லை. ஆள் எறிந்தால்தான் அது போகும். கரையைத் தொட்டுப் பார்த்தாள், ஈரமாக இருந்தது, சில்லென்று இருந்தது, இரண்டு நிறமும் கோத்த இடம் பிசிறில்லாமல் அத்தனை சுத்தமாக இருந்தது.

நதியா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஆனாலும் படித்த படிப்பு சும்மா விடுமா? பலகைக்கு அடியில் அந்தப் பழைய வயர் எதிலாவது உரசி, நாடாவை இழுக்கிற கயிறு ஏதாவது மோட்டாரில் மாட்டி, இப்படி என்னென்னவோ யோசித்தாள். வயரைப் பார்க்கவேண்டுமானால் குழிக்குள் காலை விட்டுப் பலகையில் உட்காரவேண்டும், வேறு வழியில்லை. ஒரு நிமிஷ வேலை. லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு, போனை எடுக்காமல், போய் உட்கார்ந்தாள்.

கம்பி இறங்கியது.

மெதுவாகத்தான் இறங்கி, மடியில் அழுத்தமாக உட்கார்ந்தது. அவள் அதைத் தள்ளினாள், அசையவில்லை. சரி, பழைய ஸ்பிரிங், இறங்கத்தான் செய்யும், பதறாதே. 'ஆளை விடு' என்று கொடுத்தாள். திரை உடனே பதில் சொன்னது. விட்டாச்சு. கம்பி அப்படியே இருந்தது. பின்னே, தூக்கு என்று சொல்ல அந்த வரியில் அவள் என்ன எழுதியிருக்கிறாள்? ஒன்றுமே எழுதவில்லையே. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. சிட்டிபாபு வந்தால் கடப்பாரையை வைத்து நெம்பிவிடுவான், அதுவரை உட்கார்ந்திருக்கவேண்டியதுதான்.

அப்போது பலகை லேசாகத் தாழ்ந்தது.

அவளுக்கு இடது பக்கத்தில். இன்னோர் ஆள் வந்து உட்கார்ந்தால் தாழ்வதுபோல. கஞ்சி வாடை மூக்குக்குக் கிட்டே வந்தது. குழிக்குள் அவள் கணுக்காலில் ஈரமாக ஏதோ பட்டது, பட்டு விலகவில்லை. நதியா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பவே கூடாது என்று எப்படியோ தெரிந்தது.

தறி தானாக ஓடத் தொடங்கியது.

நாடா வந்து அவள் வலது கையில் விழுந்தது. எறியாமல் இருந்தால் பண்ணை அந்த விரல்கள்மேல்தான் அடிக்கும். எறிந்தாள். திரும்பி வந்தது. எறிந்தாள். அவளுக்கு எறியத் தெரியாது. கையின் மேல் ஒரு கை இருந்தது. குளிர்ந்த கை. அது எறிந்தது. அவள் கை அதோடு போனது. கரை ஏறிக்கொண்டே இருந்தது. பச்சை. பச்சை. பச்சை. மரியே, மாதாவே என்று அவள் வாய் முணுமுணுத்தது. அம்மா சொல்லிக்கொடுத்த ஜெபம் பாதிக்குமேல் வரவில்லை.

ஆள் இருக்குதா? இருக்குது.
ஆள் இருக்குதா? இருக்குது.

நாம்தானே சொன்னோம். நதியாவுக்கு அது உறைத்தது. ஆளே இல்லாத இடத்தில் ஆள் இருக்குது என்று நாம்தானே சொன்னோம், இதிலும் சொன்னோம், போனிலும் சொன்னோம். இடது கையை மட்டும் லேப்டாப்புக்கு நகர்த்தினாள். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். 'இருக்குது' என்பதை அழித்தாள். 'இல்லை' என்று மாற்றினாள். கெர்னலை மறுபடி கட்டி, போர்டில் ஏற்றினாள். அது ஏறி முடிகிறவரை எறிந்துகொண்டே இருந்தாள்.

ஆள் இருக்குதா? இல்லை.

தறி நின்றது.

மூச்சு வந்தது. கையின்மேல் இருந்த கை தளர்ந்தது, ஆனால் எடுபடவில்லை. இன்னும் ஒரே ஒரு கட்டளை. அதில் ஒன்றுமில்லை என்று தெரியும், இருந்தாலும் வேறு எதைத்தான் கொடுப்பது? 'ஆளை விடு.'

விட்டாச்சு.

கை விலகியது. இடது பக்கத்துப் பலகை மெல்ல எழும்பியது. ஈரக் காலடி ஒன்று தரையில் விழுந்தது. அடுத்து ஒன்று. கம்பி அவள் மடிமேல் அப்படியே இருந்தது.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. அந்த ஹாரனை அவள் எங்கே இருந்தாலும் அடையாளம் கண்டுபிடிப்பாள். அழுகை வந்தது.

"நதியா. முடிஞ்சுதா?"

"இங்கப்பா" என்று கத்தினாள். "சிட்டி, உள்ள வாப்பா, மாட்டிக்கினு கீறன்."

தாழ்ப்பாள் உள்பக்கமிருந்து விலகியது. கதவு திறந்தது. சிட்டிபாபு தலை துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தான். கூடத்தைப் பார்த்தான், தறியைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், நேராக அவள் முகம் இருக்கிற இடத்தைப் பார்த்தான். அவன் பார்வை எதிலும் நிற்கவில்லை. வீட்டில் ஆளில்லாத கூடத்தைப் பார்க்கிறவன் அப்படித்தான் பார்ப்பான்.

"எங்க அந்த வீட்டம்மாவக் காணோம்?" என்று கதவுக்குப் பக்கத்தில் யாரிடமோ கேட்டான்.

"போய்ட்டாங்கப்பா" என்றது நதியாவின் குரல்.

நதியா வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் கட்டையிலிருந்து போன் எழுந்தது. அவள் பை எழுந்தது. கொடியில் காய்ந்த அவள் மழைக்கோட்டு எழுந்தது. சிட்டிபாபு சிரித்துக்கொண்டே பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"இன்னா, கையெல்லாம் இப்டி சில்லுனு இருக்குது? காய்ச்சலா?"

"மழைப்பா. வா, வீட்டுக்குப் போலாம்."

நதியா கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அவன் கதவைச் சாத்தினான். 'இல்லை' என்று சொன்னோமே. அதனால்தான். மாற்றவேண்டும். மாற்றினால் தெரிவேன், கேட்கும், இன்னும் ஆட்டோ கிளம்பவில்லை. இல்லை என்பதை அழித்தாள். இருக்குது. கட்டு, ஏற்று, சீக்கிரம், சீக்கிரம். ஆட்டோ உறுமியது. கெர்னல் ஏறியது.

ஆள் இருக்குதா? இருக்குது.

"சிட்டி" என்று அவள் கூப்பிட்டது அவளுக்கே கேட்டது, முழுசாக, உயிருள்ள குரலாக. வெளியே ஆட்டோ ஒரு நொடி தயங்கியது.

"உள்ள யாரோ கூப்ட்ட மாதிரி இல்ல?" என்றான் அவன்.

அதற்குள் தறி ஓடத் தொடங்கிவிட்டது. பண்ணையின் சத்தம் கூடம் முழுக்க நிறைந்து, வாசலைத் தாண்டி, அமாவாசைத் தெருவில் இறங்கியது. "தறிச்சத்தம்பா" என்று அவள் குரல் வெளியே சொன்னது. ஆட்டோ போய்விட்டது.

நாடா வந்து கையில் விழுந்தது. கையின்மேல் இப்போது எந்தக் கையும் இல்லை. நதியா எறிந்தாள். சரியாக எறிந்தாள். கஞ்சி வாடை அவள் துப்பட்டாவிலிருந்தே வந்தது.