பக்கத்துக் கட்டில்

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கீழே விழுந்த துப்பட்டாவை எடுக்கக் குனிந்தபோது ஜெஸ்மியின் உள்ளங்கை பக்கத்துக் கட்டிலில் பட்டது. மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.

அந்தக் கட்டிலில் யாரும் படுப்பதில்லை.

கல்லூரி முடித்த கையோடு நாகர்கோவிலில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்து, அருமனையிலிருந்து பெட்டியும் தலையணையுமாக அவள் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கீழே வீட்டுக்காரி பெமிலா. மாடியில் ஒரே அறை, இரண்டு இரும்புக் கட்டில்கள். கதவோரக் கட்டிலை விட்டுவிட்டு ஜெஸ்மி சன்னலோரத்தை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மேல மொட்டை மாடில்லா மக்ளே, வெயிலு எறங்கியிருக்கும்" என்றாள் பெமிலா, ஜெஸ்மி அதைச் சொன்னபோது.

வெயிலா? அவள் வந்த நாளிலிருந்து மழை விட்டபாடில்லை.

அன்றிரவு விளக்கை அணைத்த பிறகு வாசனை வந்தது. பல நாள் குளிக்காத தலையின் எண்ணெய்ச் சிக்கும், காய்ச்சல்காரர் போர்த்திய போர்வையின் புளிப்பும் கலந்த வாசனை, மழைக்காற்று எவ்வளவு அடித்தாலும் கலையாமல் கதவுப் பக்கமாகவே நின்றது. சன்னல் மேலிருந்த ஓட்டுச் சாய்ப்பில் ஒழுகும் நீரின் ஓசைக்கு நடுவே யாரோ மூச்சு விடுவது கேட்டது. தன் மூச்சுதான் என்று நினைத்து அதை அடக்கிப் பார்த்தாள். அந்த மூச்சும் நின்றது. ஆனால் சற்றுப் பிந்தி நின்றது.

மறுநாள் அம்மாவிடம் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது.

"எனக்கு இங்க ராத்திரி தனியா படுக்கவே பேடியா இருக்கும்மா."

அம்மா விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய் ரப்பர் வெட்டி அவளைப் படிக்கவைத்தவள். "ஏட்டி, நீ திரும்பி வந்தேண்ணு வச்சுக்கோ, ஒனக்க மாமன் அடுத்த மாசமே மாப்பிள்ளைய கொண்டு நிறுத்துவான். பல்லக் கடிச்சிட்டு இரு. வேலை நிரந்தரமாயிட்டுண்ணா பெறவு ஒருத்தனும் வாய் தொறக்க மாட்டான்."

ஜெஸ்மி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கதவோரக் கட்டிலைத் தொடாமல், அதன் பக்கம் பார்க்காமல், சுவரோடு ஒட்டி உள்ளே வரவும் வெளியே போகவும் பழகினாள். காலையில் அதன் விரிப்பு நடுவில் குழிந்து கிடந்தால் வேறெங்கோ பார்த்தாள்.

வாரக் கடைசியில் பெமிலா நல்ல செய்தி சொன்னாள். "அந்தக் கட்டிலுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு பிள்ள வாறா, கேட்டியா. களியக்காவிளைக்காரி, பேரு சபிதா. ஒனக்க நம்பரு குடுத்திருக்கேன்."

ஜெஸ்மிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிறு மாலை பெமிலாவின் வீட்டார் கோயில் ஆராதனைக்குப் போன பிறகு மழை பிடித்தது. ஜெஸ்மி மொட்டை மாடிக்கு ஓடிக் கொடியிலிருந்த துணிகளை வாரிக்கொண்டு இறங்குவதற்குள் கரண்டு போயிருந்தது. அறைக்குள் சாம்பல் நிற வெளிச்சம்தான் மிச்சம். கதவோரக் கட்டிலில், தலையோடு போர்த்திக்கொண்டு, ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"சபிதாவா? எப்ப வந்திய? மழையில மாட்டிட்டியளா?"

"ம்" என்றது போர்வை.

நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியதுபோல இருந்தது ஜெஸ்மிக்கு. தன் கட்டிலில் உட்கார்ந்து துணிகளை மடித்துக்கொண்டே, இத்தனை நாள் பேச ஆளில்லாமல் அடைத்துக் கிடந்ததையெல்லாம் கொட்டினாள்.

"சொன்னா சிரிப்பிய. ஆரும் படுக்காத கட்டிலு, காலையில தொட்டா சூடா கெடக்கு. ராத்திரி மூச்சு விடுத சத்தம் கேக்குது. நீங்க வந்த பெறவுதான் எனக்க உயிரு வந்துது."

"ம்."

"தூக்கம் வருதா? செரி, படுத்துக்கிடுங்க."

மடியிலிருந்த போன் அதிர்ந்தது. புது எண்.

"ஜெஸ்மி அக்காவா? நான் சபிதா பேசுதேன். மார்த்தாண்டத்துல ரோட்டுல வெள்ளம், பஸ்ஸு நகரவே இல்ல. வீட்டுக்குத் திரும்புதேன் அக்கா, நாளைக்கு வாறேன். பெமிலா அக்காட்ட சொல்லிருங்க."

ஜெஸ்மியின் கையில் பாதி மடித்த துணி அப்படியே நின்றது.

கட்டிலருகே பை இல்லை. செருப்பு இல்லை. தரையில் ஈரக் காலடி ஒன்றுகூட இல்லை.

"அக்கா? கேக்குதா?"

வாய் திறந்தது. குரல் வரவில்லை.

"அக்கா... லைன்ல இருக்கியளா?"

"ம்" என்றது போர்வை.

"ஆங், செரி அக்கா. வைக்கியேன்."

போன் அணைந்தது. மழைச் சத்தம் மட்டும். கதவு அந்தப் பக்கம். கட்டிலைத் தாண்டாமல் கதவில்லை.

எழுந்தாள். ஓர் அடி. இன்னொன்று. இரும்பு முனகியது.

நின்றாள்.

போர்த்தியிருந்த உருவம் மெல்ல நகர்ந்தது. அவள் பக்கமாக அல்ல. சுவரோரமாக, இன்னும் உள்ளே, ஒடுங்கி ஒடுங்கி, பாதிக் கட்டில் காலியாகும்வரை. பிறகு போர்வையின் இந்தப் பக்க விளிம்பு மெத்தையிலிருந்து எழும்பியது. எழும்பியபடியே நின்றது, இவள் வந்து படுப்பதற்காக.