நன்றி வேண்டாம் என்றவர்

"கொஞ்சம் ஒதுங்குங்க... மிலிட்டரிக்காரரு வந்திருக்காரு, முன்னாடி விடுங்க!"

மூக்குக்கண்ணாடிக் கடையில் அன்று நல்ல கூட்டம். வெளியே மழை வேறு. உள்ளே நுழைந்தவரின் பழைய ராணுவ மழைக்கோட்டை முதலில் கவனித்தது வரிசையில் நின்ற ஒரு கல்லூரிப் பெண்தான். "உங்களாலதான் சார் நாங்க நிம்மதியா இருக்கோம்!" என்று அவள் கைதட்ட, வரிசையே சேர்ந்து தட்டியது.

அவர் முகம் சிவந்துபோனது. உடைந்த கண்ணாடியைப் பிடித்தபடி விறுவிறுவென்று வரிசையின் வாலில் போய் நின்றுகொண்டார்.

பரிசோதனை அறை வாசலில் நின்றவளுக்குக் கடையில் 'லென்ஸ் அக்கா' என்று பெயர். ஐம்பது வயது. எத்தனையோ பேர் கண்களைக் கிட்டத்தில் பார்த்தவள். ஒரு ஜோடிகூட அவள் தூக்கத்தைக் கெடுத்ததில்லை.

"சார், நீங்க வாங்க."

"என் முறை வரட்டும்."

"எல்லாரும் மனசார வழி விடுறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன வீம்பு?"

"வீம்புன்னே வெச்சுக்கங்க!"

சரியான சிடுமூஞ்சி... என்று முணுமுணுத்தாள். ஆனால் பார்வை மட்டும் கதவிடுக்கு வழியாக வரிசையின் வாலைத் தேடிக்கொண்டே இருந்தது.

கடைசி ஆளாக உள்ளே வந்தார். விளக்கை அணைத்துவிட்டுச் சின்ன டார்ச்சோடு குனிந்தாள். அந்தக் கண்கள்... மழை விட்ட பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும் கூரையைப் போல, எதையோ இன்னும் முடிக்காத கண்கள்.

"என்னங்க, இவ்வளவு நேரம்? பெரிய கோளாறா?"

"கோளாறு உங்க கண்ணுல இல்ல..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கைதட்டினா அவ்வளவு கோவமா உங்களுக்கு?"

"கோவம் இல்லைங்க. கடல் தாண்டி, நம்ம பாஷை பேசுறவங்களோடயே சண்டை போட அனுப்பினாங்க. நாங்க திரும்பி வந்தப்போ அந்தச் சண்டையே ஊருக்குப் பிடிக்கல. யூனிஃபார்மோட பஸ் ஏறினேன். நிக்க இடமில்லாத கூட்டம்... என் பக்கத்து சீட்டு மட்டும் கடைசி வரைக்கும் காலி. வீட்டுக்குப் போனா அம்மா, 'பின்பக்கமா வாடா, யாராவது பாத்துடப் போறாங்க'ன்னாங்க. இப்போ அதே ஊரு கைதட்டுது. யாருக்குத் தட்டுறாங்கன்னே புரியல..."

அவளுக்கு அந்த நாட்கள் நன்றாக நினைவிருந்தன. அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயது. அண்ணனும் அதே சண்டையிலிருந்துதான் வந்தான். அக்கம்பக்கத்துக்குப் பயந்து அப்பா அவனுடைய யூனிஃபார்ம் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். அண்ணன் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். ஊர் மனசு மாறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அன்று பவரை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினாள். நாலு நாள் கழித்துப் புதுக் கண்ணாடி வாங்க வந்தார். பிறகு ஸ்க்ரூ லூசு என்று வந்தார். மறுபடியும் ஸ்க்ரூ லூசு.

"உண்மையச் சொல்லுங்க, நீங்களே திருகிக் கழட்டிட்டு வர்றீங்கதானே?"

"டிரைவிங் ஸ்கூல் நடத்துறவன் நான். குண்டுங்குழியுமா ரோடு... அதுவா கழண்டுக்குது!"

இருவருக்கும் சிரிப்பு. டீ வந்தது. பேச்சு வளர்ந்தது. ஒரு சாயங்காலம் மனசு இளகி அண்ணனைப் பற்றிச் சொன்னாள்.

கேட்டு முடித்தவர் கோப்பையை மெதுவாக வைத்தார். "ஓ... அண்ணனுக்குச் செய்ய முடியாததை எனக்குச் செஞ்சிட்டிருக்கீங்க. நீங்களும் கைதட்டத்தான் செய்றீங்க... சத்தமில்லாம."

அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை.

போனால் போகட்டும் என்று ரோஷமாக இருந்து பார்த்தாள். அவர் சொன்னது உண்மையோ என்று தன்னையே குடைந்து பார்த்தாள். ஒரு மழை நாளில் பொறுக்க முடியாமல் குடையை எடுத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூலுக்கே போய்விட்டாள். காருக்குள் தனியாக உட்கார்ந்திருந்தவர் அவளைக் கண்டதும் பதறி இறங்கினார்.

"நன்றி சொல்ல வந்தீங்களா?"

"அதுக்குத்தான் ஊரே இருக்கே, நான் எதுக்கு?" ஓர் அடி முன்னால் வந்தாள். "உங்களோட பேசுறப்போ எங்கண்ணன் ஞாபகமே வர்றதில்லைங்க. அதை நினைச்சா எனக்கே குத்தமா இருக்கு. போதுமா? எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு. இந்தப் பாழாப்போன வீம்போட சேத்து."

அவர் மழையில் நனைந்துகொண்டே நின்றார்.

"யாராவது நன்றின்னா, பரவாயில்லைன்னு சொல்லித் தப்பிச்சுடுவேன்..." நனைந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "இதுக்கு என்னங்க சொல்றது?"

"'எனக்கும்'னு சொன்னா போதும்."

உதடு அசைந்தது. மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னது?"

"எனக்கும்!" என்று அணிவகுப்பில் கத்துவதுபோல் கத்திவிட்டார். கார் ஓட்டிப் பழக வந்து திண்ணையோரம் ஒதுங்கி நின்ற இரண்டு பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவர் கவலைப்படவில்லை.