ஏணி பிடித்த எலிக்குட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டி வாட்டுவது அப்பாவின் வேலை. ரொட்டியின் இரண்டு முனைத் துண்டுகளும் நன்றாகச் சிவந்து மொறுமொறுவென்று இருக்கும். ஒன்று அப்பாவுக்கு, இன்னொன்று எலிக்குட்டிக்கு. எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பதால் அவளுக்கு வீட்டில் அந்தப் பெயர்.

மூன்று வாரமாக இரண்டு முனைகளும் அவளுக்கே வந்தன.

"எனக்கு வேணாம்மா, நீயே சாப்பிடு" என்பார் அப்பா. எலிக்குட்டிக்கு ஒரே கொண்டாட்டம்.

திங்கட்கிழமை மாலை பல் மருத்துவரிடம் போக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மூன்று பேரும் போவதாகத்தான் பேச்சு. ஆனால், ஒவ்வொரு முறையும் அப்பாவுக்கு மட்டும் அன்றைக்கென்று பார்த்து அவசர வேலை வந்துவிடும். அவர் தெருவிளக்கு பழுதுபார்ப்பவர். இந்தத் தடவை அம்மா அவருடைய மேலதிகாரியிடமே பேசி விடுமுறை வாங்கிவிட்டாள்.

அம்மாவின் பல்லைப் பார்த்து முடித்ததும் எலிக்குட்டி தாவி ஏறி நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா ஒரு மிதியை அழுத்த, நாற்காலி மெல்ல உயர்ந்தது.

"ஏதாவது சங்கடமா இருந்தா இடது கையைத் தூக்கு. உடனே நிறுத்திடுவேன்."

எலிக்குட்டி சும்மா ஒருமுறை கையைத் தூக்கிப் பார்த்தாள். டாக்டரம்மா நிஜமாகவே நிறுத்தினார்!

"அடேயப்பா, பளபளன்னு இருக்கே! ரெண்டு பக்கமும் நல்லா மெல்லுறே போல. பல்லு வலிக்கிறவங்க கடினமானதை எல்லாம் ஒதுக்கிடுவாங்க."

எலிக்குட்டிக்குச் சுருக்கென்றது. ரொட்டி முனைகள்! அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். அப்பா மீன் தொட்டிக்கு முன்னால் நின்று மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார். இருந்ததே மூன்று மீன்கள்தான்.

அவள் இறங்கி ஓடினாள்.

"அப்பா, உங்களுக்குப் பல்லு வலிக்குதா?" என்று காதருகே கேட்டாள்.

"சேச்சே! லேசா... எப்பவாவது."

"அப்போ உள்ள வாங்க."

"அந்த நாற்காலியைப் பாத்தாலே பயமா இருக்குடா. அம்மாகிட்ட சொல்லிடாதே."

முப்பதடி உயரத்தில் நின்று விளக்கு மாட்டுகிற அப்பா! எலிக்குட்டிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால், அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"நீங்க ஏணியில ஏறும்போது பயமா இருக்காதா?"

"கீழ ஒருத்தர் ஏணியைப் பிடிச்சுக்கிட்டிருப்பாரே. நான் இறங்குற வரைக்கும் வேற பக்கம் திரும்பவே மாட்டார். அப்புறம் என்ன பயம்?"

"இங்க நான் பிடிச்சுக்கறேன். கையைத் தூக்கினா அவங்க நிறுத்திடுவாங்க. நான் சோதிச்சுப் பாத்துட்டேன்."

அப்பா மீன்களைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே நடந்தார்.

நாற்காலியில் சாய்ந்தபோது அவர் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எலிக்குட்டி இரண்டு கைகளாலும் அவருடைய காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அது எதுக்கு?" என்றார் டாக்டரம்மா.

"ஏணி" என்றாள் எலிக்குட்டி. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடைவாய்ப் பல்லில் மிளகளவு குழி இருந்தது. மருத்துவர் அதைச் சுத்தம் செய்து அடைத்தார். அப்பாவின் கை இரண்டு முறை உயர்ந்தது. இரண்டு முறையும் வேலை நின்றது. நடுவில் உதவியாளர் அக்கா முயல் படம் போட்ட ஒட்டுப்படத்தை நீட்டினார். எலிக்குட்டி திரும்பவே இல்லை.

"முடிஞ்சது" என்றார் டாக்டரம்மா.

"இவ்வளவுதானா?" என்றார் அப்பா. கன்னம் மரத்திருந்ததால் அது "இவ்வவுதாவா" என்று வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் ஒரு பக்கமாகச் சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அப்பா தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு முனைத் துண்டை எடுத்துக் 'கரக்'கென்று கடித்தார்.

"மெதுவா! பக்கத்து வீடு வரைக்கும் கேக்குது" என்றாள் அம்மா.

எலிக்குட்டிக்கு அன்று ஒரே ஒரு முனைதான் கிடைத்தது. அதை அப்பாவை விடச் சத்தமாகக் கடித்தாள்.