மீட்டரை மறைக்கும் மூடி

அபிநயாவின் அப்பா நினைத்த நேரத்தில், நினைத்த இடத்துக்கு, யாரையும் கேட்காமல் போய்வருவதற்கு விலை நாலாயிரம் ரூபாய். விலை வைத்தவர் தர்மராஜ், அரியலூரில் பழைய வண்டி வாங்கி விற்பவர். அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் நின்று, பூசணிக்காயைத் தட்டுவதுபோல பெட்ரோல் டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மீட்டர் பெட்டியே நொறுங்கிக் கெடக்கு. நாலாயிரமே அதிகம். காது கேக்காத ஆளுக்கு வண்டி எதுக்குங்க?"

அப்பா மணிமாறன் பக்கத்தில்தான் நின்றார். கல் உடைக்கும் எந்திரத்தோடு வருஷக்கணக்கில் வேலை பார்த்ததில் அவருக்குக் காது போய்விட்டது. பேசுபவரின் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தர்மராஜோ டேங்கைப் பார்த்தே பேசினார்.

அபிநயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கப்பா நல்லாத்தான் ஓட்டுவாரு!"

"அப்பறம் ஏன் விழுந்தாரு?"

சைடு ஸ்டாண்டை மடக்க மறந்ததால் விழுந்தார். வேறு யாராவது மறந்தால், "அண்ணே, ஸ்டாண்டு!" என்று தெருவே கத்தும். அப்பாவுக்கும் கத்தினார்கள். வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்து, அவரும் சிரித்துக் கையாட்டிவிட்டுப் போனார். வளைவில் ஸ்டாண்டு தரையில் இடித்து வண்டி சாய்ந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்குங்கண்ணே," என்றார் அம்மா ஜோதி. "எனக்கு வண்டி வேணாம். மனுஷன்தான் வேணும்."

அபிநயா மீட்டரைக் கழற்றி, வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடி மெக்கானிக் அருள்முருகனின் பட்டறைக்குப் போனாள். பெட்டிதான் உடைந்திருந்தது, மீட்டருக்கு உயிர் இருந்தது.

"மாமா, இந்த எவர்சில்வர் தட்டுல ஓட்டை போட்டுத் தாங்க. நடுவுல மீட்டர். பக்கத்துல ஒரு செவப்பு பல்பு. ஸ்டாண்டு கீழ இருந்தா அது எரியணும்."

"உங்கம்மா தட்டைத் தேட மாட்டாங்களா?"

"தேடட்டும். வண்டி இருந்தா அப்பா டவுனுக்குப் போயி வேற வாங்கியாருவாரு."

அருள்முருகன் சிரித்துவிட்டார். ஓட்டையும் போட்டு, ஸ்டாண்டிலிருந்து பல்புக்கு ஒயரும் இழுத்துக் கொடுத்தார். பட்டறை நிழலில் பல்பு பளிச்சென்று எரிந்தது.

சனிக்கிழமை உச்சி வெயிலில் அப்பா வண்டியில் ஏறினார். ஸ்டாண்டு கீழேதான் இருந்தது. பல்பும் எரிந்தது. ஆனால் அந்த வெயிலில் அது யார் கண்ணுக்குத் தெரியும்? அப்பா கிளம்பியே விட்டார். அபிநயா ஓடிப்போய்ப் பின்சீட்டுக் கம்பியைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"இந்தச் சூரியனும் தர்மராஜுக்குச் சொந்தக்காரன் போல!" என்று வானத்தைப் பார்த்துத் திட்டினாள்.

திட்டி முடித்ததும் யோசித்தாள். அப்பாவுக்குச் சத்தம் கேட்காது. வெயிலில் விளக்கும் தெரியாது. ஆனால் மீட்டரில் பெட்ரோல் முள்ளைக் குனிந்து பார்க்காமல் அப்பா ஒருநாளும் வண்டியை நகர்த்தமாட்டார்.

அந்த முள்ளே தெரியாவிட்டால்?

மறுபடியும் பட்டறைக்கு ஓடினாள். பழைய சைக்கிள் பிரேக் ஒயர், ஒரு ஸ்பிரிங், ஒரு தகரத்துண்டு. ஸ்டாண்டு இறங்கினால் ஒயர் இழுக்கும். தகரமூடி எழுந்து மீட்டரை மறைக்கும். மடக்கினால் மூடி விலகும். மூடியின்மேல் சிவப்புப் பெயின்டால் 'ஸ்டாண்டு!' என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை தர்மராஜ் பணத்தோடு வந்து நின்றார். அப்பா ஏறி உட்கார்ந்தார். முள்ளைப் பார்க்கக் குனிந்தார். மூடியைப் படித்தார். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஸ்டாண்டை மடக்கினார். ரெட்டிபாளையம் வரைக்கும் போய், கீறல் இல்லாமல் திரும்பி வந்தார்.

"பணத்த உள்ள வைங்கண்ணே," என்றார் அம்மா. "வண்டி வெலைக்கு இல்ல."

தர்மராஜ் ஸ்டாண்டை ஏற்றி இறக்கி, மூடி எழுவதையும் விழுவதையும் பார்த்தார். வியாபாரிக் கண் விரிந்தது.

"பாப்பா, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடேன். நானும் அடிக்கடி மறந்துடறேன்."

"உங்களுக்குக் காது நல்லாத்தானே கேக்குது?"

தர்மராஜ் தொண்டையைச் செருமினார். "சரி, என்ன வெல?"

"ஒரு மன்னிப்பு. எங்கப்பா மொகத்தப் பாத்துக் கேக்கணும்."

"அம்பது ரூவா தரேன், அத விட்டுடு."

"பேரம் கெடையாது."

தர்மராஜ் தன் செருப்பைப் பார்த்து, "தப்புதாங்க," என்று முணுமுணுத்தார்.

அப்பா மகளைப் பார்த்தார். "என்ன சொல்றாரு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லலப்பா."

இப்போது அருள்முருகன் பட்டறை ஆணியில் இன்னொரு மூடி தொங்குகிறது. தகரம் ஒன்று, ஸ்பிரிங் ஒன்று, சைக்கிள் ஒயர் ஒன்று: தயார். மன்னிப்பு ஒன்று: பாக்கி.